நிறத்தைக் கழற்றி வைத்துத் தூங்கும் மீன்

தன்னாமுனை அலங்கார மீன் கடையில் நான் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. காத்தான்குடிப் புடவைக்கடை ஹாஜியார் ஒரு காலை வந்து, ஒக்சிஜன் அடைத்த பையை மேசையில் வைத்தார். உள்ளே நான் விற்ற நியோன் டெட்ராக்கள், உடலில் நீலக்கோடு ஓடும் சின்ன மீன்கள்.

"முதலாளி, உங்கட புள்ள எனக்கு நோய் மீனைத் தந்திரிக்கா. ஒவ்வொரு விடியலும் வெள்ளையா, அடியில அசையாமக் கிடக்கு. ரெண்டு மூணு செத்தும் போச்சு. மெதிலின் புளூ மருந்தை ஊத்தி ஊத்தி என்ட கைதான் நீலமாச்சு, மீன் ஆகல்ல!"

முதலாளி என்னைப் பார்த்தார். "ஹாஜியார் புதுக் கடைக்குச் சொன்ன பெரிய டேங்க் ஓடரும் போனா, நாளையிலிருந்து வீட்ட நில்லு புள்ள."

எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். 'படிச்சு என்னத்தைக் கண்டா?' என்று கேட்கப் பல வாய்கள் காத்திருந்தன.

பையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மீனிலும் நீலக்கோடு பளிச்சென்று இருந்தது.

"ஹாஜியார், எந்த நேரம் பாப்பீங்க?"

"விடியச் சுபஹு தொழுதுட்டு வந்து, லைட்டைப் போட்ட உடனே."

"பகல்ல?"

"பகல்ல நான் எங்க புள்ள வீட்ட? ராவைக்கு வரக்குள்ள பொண்டாட்டி லைட்டை நூத்திருவா."

விளங்கிவிட்டது. வீட்டில் மீன்கள் விழித்திருக்கும்போது அவர் பார்த்ததே இல்லை.

"நீங்க பாக்கிற நேரம் அதுகள் நித்திரை" என்றேன்.

முதலாளி சிரித்தார். "கண்ணைத் திறந்துகொண்டா?"

"இமையே இல்லை அண்ணன், எப்பிடி மூடும்?"

இருட்டியதும் நியோன் தன் நிறத்தை அடக்கிக்கொள்ளும். பகையின் கண்ணில் படாமல், செட்டையை மெல்ல அசைத்தபடி அடியில் நிற்கும். சொன்னால் நம்பமாட்டார்கள். மீன்களை ஒரு டேங்க்கில் விட்டேன். ஹாஜியாரின் வேனில் கிடந்த கறுப்பு அபாயாத் துணியை வாங்கி, நான்கு பக்கமும் மேலும் மூடினேன். எல்லோரும் காத்திருந்தோம்.

துணியை விலக்கினேன். வெளிறிய மீன்கள் அடியில் அசையாமல் நின்றன.

"இதுதான், இதுதான் நான் சொன்ன வருத்தம்!" ஹாஜியார் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"பொறுங்க. கண்ணாடியில தட்ட வேணாம். தேத்தண்ணியைக் குடியுங்க."

கோப்பை முடியுமுன் ஒரு மீனில் நீலம் ஏறியது. பிறகு இன்னொன்றில். கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுவதும் மின்னியபடி நீந்தத் தொடங்கியது.

"யா அல்லாஹ்! நித்திரை கொள்ற மீனுக்கா நான் மருந்து ஊத்தினன்?"

"ஓம் ஹாஜியார். அளவில்லாம ஊத்தினதாலதான் அந்த ரெண்டு மூணும் செத்திருக்கும்."

அவர் முதலாளி பக்கம் திரும்பினார். "புதுக் கடை டேங்க்கை இந்தப் புள்ளதான் வந்து வைக்கணும். நீங்க வேணுமெண்டா தண்ணி தூக்கிக் குடுங்க." முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வரும் தங்கைகளுக்குச் சொல்கிறேன். மீனுக்கு நோய் என்று ஒருவர் வந்தால் மருந்துப் போத்தலைத் தேடாதீர்கள். எந்த நேரத்தில் பார்த்தார் என்று முதலில் கேளுங்கள். இரவில் டேங்க் இருட்டாக இருக்கட்டும், எயார் பம்ப் மட்டும் ஓடட்டும். விடிந்ததும் அறை லைட்டைப் போட்டு, சற்றுப் பொறுத்து டேங்க் லைட்டைப் போடச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் ஹாஜியார் கடைக்குப் போன் எடுத்தார். முதலாளியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"புள்ள, லைட்டைப் போட்டுட்டு குர்ஆன் ஓதி முடிச்சுப் போய்ப் பாத்தன். எல்லாரும் எழும்பிட்டாங்க!"