திட்டு வாங்கிய லாடம்

கல்யாண ஊர்வலத்தில் அத்தனை பேர் முன்னால் ஹனீபா பாய் என்னைக் கை காட்டினார். சுனாமிக்கு அடுத்த வருஷம், சிதம்பரம். சாரட்டு இழுத்த அவருடைய குதிரை ராணி இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போய், டியூப் லைட் தூக்கி வந்தவர்கள் மேல் மோதப் பார்த்தது. பயந்துபோன மாப்பிள்ளை கீழே குதித்துவிட்டார்.

“எல்லாம் இவன் அடிச்ச லாடந்தாங்க! இனிமே கடலூர்லேருந்து வேற ஆள வச்சிக்கிறேன்.”

நான் அங்கே விருந்துக்கு வந்தவன். பக்கத்தில் என் மனைவி. கூசிப்போய் நின்றேன். சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் ராணியின் காலைத் தூக்கிப் பார்த்தேன். இடது முன்னங்கால் லாடம் ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தது. எனக்கே என் கை மேல் சந்தேகம் வந்துவிட்டது. குளம்பைச் சீவி வேறு லாடம் அடித்தேன். அப்போதும் அதே இழுப்பு. கெஞ்சிக் கூத்தாடி பாயைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா காலைப் பார்க்கவே இல்லை. “தீனி எப்பிடித் திங்குது?”

“புல்ல மென்னு உருண்டையாத் துப்புதும்மா. கொழுப்புன்னு உட்டுட்டேன்” என்றார் பாய்.

வாயைத் திறந்து டார்ச் அடித்தார்கள். கடைவாய்ப் பற்களின் ஓரம் கத்தியாக இருந்தது. வலது கன்னத்துக்குள் புண். வலது கடிவாள வாரை இழுத்தால் கன்னம் பல்லில் குத்தும். அந்த வலிக்குப் பயந்துதான் ராணி இடது பக்கம் ஒதுங்கி, பாரத்தையெல்லாம் இடது முன்னங்காலில் போட்டிருக்கிறது.

“அப்ப வலது பக்கம் மட்டும் ராவிடுங்கம்மா.”

“ரெண்டு பக்கமும் சமமா மெல்லணும் பாய். தாடை கோணுனா கழுத்து, முதுகு எல்லாம் வெறைச்சிக்கும். அப்பறம் நடை எங்க நேரா வரும்?”

ஊசி போட்டு, நீள அரத்தால் இரண்டு பக்கமும் ராவினார்கள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். புண் ஆறியதும் ராணி காலை நன்றாக நீட்டி வைத்து நேராக நடந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, நடை கோணினால் லாடத்தைப் பிடுங்கும் முன் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பேர் கெடாமல் இருக்கவாவது சொல்லுங்கள்.

அடுத்த தடவை லாடத்துக்கு பாயே ராணியை ஓட்டி வந்தார். “அன்னிக்கு அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது, மனசுல வச்சிக்காத செல்வம்” என்றார், மெதுவாக. தலையாட்டினேன். அன்றைக்குத் திட்டியதைத் தெருவே கேட்டது. இதைக் கேட்டது ராணியும் நானும்தான். அந்தத் தெரு வழியாகப் போக இன்றும் எனக்குக் கூச்சம்.