மாப்பிள்ளையின் பாட்டிலில் குமிழி

என் தங்கையின் கணவர் பரவை மார்க்கெட்டுக்கு மொபெட்டில் போகும்போது, நின்றிருந்த டிராக்டர் டிரெய்லரில் நெஞ்சு மோத விழுந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் கழுத்து உப்பியிருந்தது. தொட்டால் தோலுக்கடியில் பொரி நொறுங்குவது போல நறநறத்தது. உள்ளே கசிகிற காற்று அங்கே வந்து தங்குகிறது என்றார் டாக்டர். விலாவில் ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் விட்டார்கள். மூச்சுக்கு மூச்சு அதில் குமிழி வந்தது.

அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்தாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. எதையாவது எண்ணினால்தான் மனசு ஓர் இடத்தில் நிற்கும். ஜன்னல் கம்பிகளை எண்ணி முடித்துவிட்டதால் குமிழியை எண்ணினேன். குமிழி கூடினால் மூச்சும் கூடுகிறது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். தங்கை ஆனையூரில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டு, "அண்ணே எண்ணிக்கிட்டே இருக்காக. அம்புட்டுக் குமிழி வருதாம், பயமில்ல" என்றாள்.

"மச்சான், பஞ்சர் கடைக்காரன்தான் இப்படித் தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான்," என்றார் மாப்பிள்ளை, கரகரத்த குரலில்.

"பேசாமப் படுங்க மாப்ள."

மறுநாள் என் கணக்கை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "இந்நேரம் குறைஞ்சிருக்கணும் சார். நுரையீரலும் விரியல."

வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். வலப்பக்கம் மூச்சுக்குழாய் கிழிந்திருந்தது. பஞ்சரேதான். காற்று வெளியே போகப் போக, நான் ஊருக்கெல்லாம் நல்ல சேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நெஞ்சைத் திறந்து தைத்தார்கள். பிறகு என்னை உள்ளே விட்டபோது என் கண் நேராகக் கட்டிலுக்கு அடியில்தான் போனது. ஒரு குமிழிகூட இல்லை.

"சிஸ்டர், நின்னுபோச்சு!" என்று கத்திவிட்டேன்.

"நிக்கணும்னுதானே சார் தச்சிருக்கு? குழாய்ல தண்ணி ஏறி இறங்குது பாருங்க, அதுதான் அவரு மூச்சு."

என் சத்தம் வாசலில் நின்ற தங்கைக்குக் கேட்டிருக்கிறது. அழுதுகொண்டே ஆனையூருக்குப் போன் போட்டுவிட்டாள். சாயங்காலம் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் கையில் மாலைகூட இருந்தது. அதை வேனிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

மாப்பிள்ளை கண் திறந்து, "என்ன மச்சான், கணக்கு எம்புட்டு?" என்று முனகினார்.

"சைபர், மாப்ள."

"அப்பப் பஞ்சர் ஒட்டு நிக்குது," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். குழாயில் தண்ணீர் ஏறியது, இறங்கியது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.