பொட்டு வைத்த ட்வீட்டர்

செலோடேப்பை ஒட்டி இழுத்தால் குழி வெளியே வரவேண்டும்; எனக்கு வந்தது குங்குமம்தான். ஸ்பீக்கர் ரிப்பேர் என்பது பாதி நேரம் அடுத்தவன் விரல் செய்ததைத் திருப்பி எடுக்கிற வேலை. ராயபுரத்துக் கடை ஒன்றில் உட்கார்ந்து நான் அதைத்தான் செய்கிறேன். யாரோ அமுக்கியதை நீங்கள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் நாம் சொந்தம்.

பூஜைக்கு மறுநாள்

ட்வீட்டர் என்றால் பெட்டியின் மேல்பக்கம் இருக்கிற சின்ன ஸ்பீக்கர். சலங்கைச் சத்தமெல்லாம் அதில்தான் கேட்கும். நடுவில் பட்டுத்துணியால் ஒரு மூடி, நெற்றி மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கும். ஆயுத பூஜைக்கு மிக்சி, சைக்கிள், தையல் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறவர்கள் அந்த நெற்றியை மட்டும் விடுவார்களா? கட்டைவிரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான், குழி. மறுநாள் காலையில் வாசலில் நின்ற பெட்டிகளைப் பார்த்து எங்கள் முதலாளி காதர் பாய் சொன்னார்: "நம்ம கடைக்கு இன்னிக்குத்தான்டா ஆயுத பூஜை."

தம்பியின் பெட்டிகள்

நான் டேப் ஒட்டி இழுத்தது திருவொத்தியூர் அமுதா அக்கா கொண்டுவந்த ஜோடியில் ஒன்று. அதன் முன்பக்க வலையைக் கழற்றி, தூசி துடைத்து, ட்வீட்டர் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். இன்னொன்றில் வலை கழன்று வரவில்லை. அதனால் பொட்டு பெட்டியின் மரத்தில். அது தப்பித்தது.

பெட்டிகள் அக்காவின் தம்பி சேகருடையவை. காட்டுப்பள்ளியில் கப்பலுக்கு வெல்டிங் வேலை. தன் சாமானை யாராவது தொட்டால் அவருக்கு ஆகாது. ஏற்கெனவே அக்காவோடு ஒரு சண்டை நடந்து, காட்டுப்பள்ளிப் பக்கமே தனி ரூம் பார்த்துவிட்டார், சாமான் மட்டும் இன்னும் அக்கா வீட்டில். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: "நான் வெச்ச பொட்டுன்னு தெரிஞ்சா அவன் பெட்டியத் தூக்கிக்கினு ரூமுக்குப் போயிடுவான்பா. எனுக்குன்னு கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான். எம் புள்ள நோண்டிட்டான்னு சொல்லிடு. மரத்துல கீற பொட்டையும் தொடச்சிடு, இன்னா?"

யோசனை சொல்ல ஒருத்தர்

எந்த ரிப்பேர் கடையிலும் யோசனை சொல்ல ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். எங்கள் கடையில் அந்தோணி அங்கிள், ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவைத் திருப்பி வாங்க வந்தவர், வாங்கினதும் போகவில்லை. "வாய வெச்சி உறிஞ்சுடா, டக்குனு வந்துடும்" என்றார். சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது, முதலில் அதை எடுக்கணும் என்றேன். பஞ்சு எடுக்கத் திரும்பின நேரத்தில் குனிந்து உறிஞ்சியே விட்டார்.

குழி அப்படியே இருந்தது. அங்கிள் உதடு மட்டும் சிவப்பாகிவிட்டது. துடைக்கத் துடைக்கப் பரவியது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னையே முறைத்தார்: "இந்த ஒதட்டோட வூட்டுக்குப் போனா, எம் பொண்டாட்டி எந்தக் கதையடா நம்புவா?"

ஊசி

பஞ்சால் ஒற்றி ஒற்றிச் சந்தனத்தை எடுத்தேன். மறுபடி டேப். வரவில்லை. கடைசி வழி ஊசிதான். நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து, குழியின் ஓரத்தில் துணியை லேசாகக் கோத்து, மெதுவாகத் தூக்கணும். கிழிந்தால் முடிந்தது. அந்த மாடல் ட்வீட்டர் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதே ஒரு இடத்தில் உட்கார முடியாமல்தான். இப்போது முதுகு வளைந்து, கண் எரிய, நாணயம் அளவு துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.  ஒரு தரம் ஊசி வழுக்கியது, நல்லவேளை கிழியவில்லை. பாய் பின்னாலிருந்து சொன்னார்: "பொறுமைதான் உனுக்கு வராது, மூச்சையாவது அடக்குடா."

அடக்கினேன். வந்தது. மெல்லிசாக ஒரு சுருக்கம் மட்டும் நின்றுவிட்டது. இரண்டு பெட்டியிலும் மாறி மாறிப் பாட்டுப் போட்டோம், சத்தத்தில் வித்தியாசம் இல்லை. அதற்குமேல் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்க எனக்குத் தெம்பில்லை.

வாசலில் ஆட்டோ

அக்காவுக்கு முன்னால் சேகர் வந்துவிட்டார். வீட்டில் பெட்டியைக் காணோம் என்றதும் அக்கா பையன் கடையைக் காட்டிக் கொடுத்திருக்கிறான். ஆட்டோவில் துணிமூட்டை, தலகாணி, மேலே வெல்டிங்கில் முகத்தை மறைக்கிற ஷீல்டு. கோபத்தில் எல்லாவற்றையும் கட்டிவிட்டார், ரூமுக்குத்தான். டார்ச் அடித்துப் பார்த்து, சுருக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "எவன்டா கைய வெச்சது?"

அக்கா சொல்லச் சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் டார்ச் பக்கத்துப் பெட்டிக்குப் போய்விட்டது. மரத்தில் அக்காவின் பொட்டு, பளிச்சென்று. சேகர் அதைப் பார்த்தார். திரும்பி ஆட்டோவில் இருந்த ஷீல்டைப் பார்த்தார். அதன் நெற்றியிலும் அதே சந்தனக் கோடு, அதே இடத்தில் குங்குமம், பொறி பட்டுக் கருகிப்போய்.

"போன வருஷம் இதுக்கும் அவதான் வெச்சா. இன்னும் போவ மாட்டேங்குது" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. அப்புறம் பெட்டிகளை அவரே தூக்கி ஏற்றினார். டிரைவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "காட்டுப்பள்ளி வாணாம் நைனா, திருவொத்தியூர் வுடு."

மரத்துப் பொட்டைத் துடைக்கச் சொன்னார் அக்கா, நான் துடைக்கவில்லை; அலுப்புதான் காரணம், வேறு பெரிய காரணம் எதையும் தேடாதீர்கள்.