சாமி சுருட்டுல என் எச்சி

அப்பா லோரி ஆக்சிடன்ட்ல பொழச்சு வந்தா, என் கையால சுத்துன சுருட்ட முனியாண்டி சாமிக்கு வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். பொழச்சுட்டாரு. சிகரெட்கூட புடிக்காத நான், கூகுள் பண்ணி கோலாலம்பூர்ல சுருட்டு சுத்தக் கத்துக்குடுக்கிற ஒரு சிகார் வொர்க்‌ஷாப்ல போய் உக்காந்தேன் லா. மறுநாள் பண்டமாரான் முனியாண்டி கோயில்ல பூசை.

ஆளுக்கு ஒரு சுருட்டுக்குத்தான் இலை குடுத்தாங்க. சுத்தி முடிச்சா சும்மா கெத்தா வந்துச்சு. கடைசியா நுனிய ஒட்டணும். பசை பக்கத்துலயே இருக்கு, நான் ஸ்டாம்ப் ஒட்டுற மாதிரி நாக்கால ஒரு நக்கு நக்கிட்டேன்!

அப்புறம்தான் உறைச்சுச்சு. எச்சி பட்டத சாமிக்கு எப்படி வைக்கிறது?

"ஐயோ"ன்னு கத்திட்டேன். பக்கத்துல இருந்த சீனப் பொண்ணு, "என்னாச்சு பாஸ்?"னு இங்கிலீஷ்ல கேட்டா. அப்பா, சாமி, எச்சின்னு உளறுனேன். அவ சிரிக்கப் போறாளோன்னு நெனச்சேன்.

"அலாமாக்! நாங்க சீனவங்க கும்புடுற டத்தோ காவல் சாமிக்கும் சுருட்டு வைப்போம். எச்சி பட்டா எப்படி லா?"ன்னு, இன்னும் தொடாத தன் இலைய என் பக்கம் தள்ளிட்டா.

"அப்ப உனக்கு?"

"நான் சும்மா பொழுதுபோக வந்தேன். நீ சுத்து. இந்தத் தடவ நக்காத!"

மறுநாள் கோயில்ல, யாரு பேருக்குப் பூசைன்னு பூசாரி கேட்டாரு. அப்பா பேரச் சொல்லிட்டு முழிச்சேன். அவ பேர நான் கேக்கவே இல்ல. "இன்னொருத்தங்களுக்கும் சேத்து பண்ணுங்கண்ணே, பேரு தெரியல"ன்னேன்.

நம்ம சாமி விஷயம் நம்மாளுங்களுக்குத்தான் புரியும்னு நெனச்சிட்டிருந்தவன் நான். அந்தப் பொண்ணுகிட்ட பாதிதான் சொன்னேன், அதுக்குள்ள இலை என் கையில இருந்துச்சு.