கேக் ஓவனில் வெந்த வாள்

முனியாண்டி சாமிக்கு நான் செய்த முதல் வாள் உடைந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணாடித் தம்ளர் விரிசல் விடுவதுபோல் சின்னதாக ஒரு ‘டிங்’. அண்ணன் வீட்டு வாசற்படியில், பெருமை தாங்காமல், சிமெண்டில் லேசாகத் தட்டிக் காட்டினேன். பாதி வாள் என் கையில் நின்றது. மீதி அண்ணியின் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

சிம்பாங் அம்பாட் பக்கம் தோட்டத்துக்குள் இருக்கிறது எங்கள் கோயில். திருவிழாவில் அண்ணனுக்கு முனியாண்டி அருள் வரும்போது இரண்டு பேர் வாளை இரு முனையிலும் தாங்கிப் பிடிப்பார்கள். அவர் அதன்மேல் ஏறி நின்று குறி சொல்வார். பழைய வாள் துருப்பிடித்து இற்றுவிட்டது. புதிது வாங்கலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. லோரி உதிரிபாகக் கடையில் வேலை செய்யும் எனக்கு வாய் சும்மா இருக்குமா? “லோரி ஸ்பிரிங் பட்டை இருக்கு, நான் இருக்கேன், அப்புறம் என்ன லா?” என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டினால் நான் எதற்கும் ஒப்புக்கொள்வேன். என் கல்யாணமே அப்படித்தான் நடந்தது.

பட்டையை வாள் வடிவத்துக்கு அறுத்துத் தேய்த்தேன். பழைய லோரி ரிம்மில் கரியை நிரப்பி, அண்ணியிடம் கேட்காமல் எடுத்து வந்த முடி காயவைக்கும் மெஷினால் காற்று ஊதினேன். காந்தம் ஒட்டாத அளவுக்கு இரும்பு சிவந்ததும் எண்ணெயில் முக்க வேண்டும். எண்ணெய், கிளேபாங்கில் பீசாங் கோரெங் கடை வைத்திருக்கும் நண்பன் கொடுத்தது. வாழைப்பழம் பொரித்து மிஞ்சியது. முக்கியதும் குப்பென்று தீ எழுந்தது. நான் வாளை விட்டுவிட்டு ஓடினேன். அது தானாக மூழ்கித் தீயும் அணைந்தபோது நான் பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டியிருந்தேன். திரும்பி வந்து அரத்தை வைத்துப் பார்த்தால், வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு கெட்டி! அந்தக் கெட்டிதான் ஆபத்து, மறுபடி இளஞ்சூட்டில் வைத்து அதன் விறைப்பை இறக்க வேண்டும் என்று நான் பார்த்துச் செய்த வீடியோவின் கடைசியில் சொல்லியிருக்கிறார்கள். நான் கடைசி வரை பார்க்கவில்லை.

அண்ணி புக்கிட் பெருவாங்கில் வீட்டிலேயே கேக் சுட்டு விற்பவர். குனிந்து உடைந்த துண்டை எடுத்தார். “இது மேலயா தம்பி உங்க அண்ணன ஏத்த இருந்த?” என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், மெதுவாகக் கேட்டார். அண்ணனுக்குச் சர்க்கரை. காலில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆறாது. கடையிலேயே வாங்கிவிடலாம் என்று முனகினேன்.

“கடையில விக்கிறது சுவத்துல மாட்டுறதுக்கு. அதுல ஏறுனா மட்டும் நிக்குமா? இன்னொன்னு செய். மிச்சத்த நான் பாத்துக்கறேன்,” என்றார் அண்ணி.

இரண்டாவது வாளை முக்கும்போது நான் ஓடவில்லை. அண்ணி கேட்டைப் பூட்டியிருந்தார்.

எண்ணெய் போகத் துடைத்து, பளபளவென்று தேய்த்துக் கொடுத்தேன். அண்ணி தன் பெரிய ஓவனுக்குள் மூலைக்கு மூலை சாய்த்து வைத்தார். இருநூறு டிகிரி. வீடியோவை அவர் கடைசி வரை பார்த்திருந்தார். நடுவில் யாரோ கேக் கேட்டுப் போன் செய்தார்கள். “லேட்டாகும் லா. ஓவன்ல சாமி சாமான் வேகுது. இல்ல, பொங்கல் இல்ல. வாளு.” இரும்பு வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுத்து ஆறவிட்டார். பிறகு மறுபடியும் உள்ளே வைத்தார்.

கடைசியில் இரண்டு செங்கல்லுக்குக் குறுக்கே வாளைத் தட்டையாகக் கிடத்தச் சொன்னார். “அவரவிட நான்தான் வெயிட்டு,” என்று சொல்லிக்கொண்டே செருப்போடு ஏறி நடுவில் நின்றுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ‘டிங்’ வரவில்லை. திறந்து பார்த்தபோது வாள் வில்லாக வளைந்திருந்தது. அவர் இறங்கினார். கோடு போட்டதுபோல் நிமிர்ந்தது.

திருவிழாவில் செய்தவனே பிடிக்கட்டும் என்று ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். உறுமி முழங்கியது. அண்ணன் வெறுங்காலோடு கூர்மேல் ஏறினார். வாள் அசையவில்லை, நான்தான் கிடுகிடுவென்று ஆடினேன். “ஆடாம புடிடா!” என்றார் முனியாண்டி. சாமி எனக்குச் சொன்ன ஒரே குறி அதுதான். அவர் நின்றார், ஊர் முழுக்கக் குறி கேட்டு முடிக்கும் வரை நின்றார்.

இறங்கியதும் சனம் திருநீறு வாங்க நெருக்கியது. அண்ணி எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்து, சாமியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு கீறல் இல்ல!” என்று அவர் கத்தியதும் பெண்கள் பக்கமிருந்து எழுந்த குலவையில் உறுமிச் சத்தமே அமுங்கிப்போனது. முனியாண்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு, கேட்காமலே, அடுத்த காலையும் நீட்டினார்.

இப்போது மற்றத் தோட்டத்துக் கோயில்களிலிருந்தும் வாள் கேட்டு வருகிறார்கள். என்னிடம் தலையை ஆட்டிவிட்டு நேரே அண்ணியிடம்தான் போகிறார்கள். அவர் நாள் குறித்துக் கொடுக்கிறார். அன்றைக்குக் கேக் கிடையாது.