ரெண்டாகத் தெரிந்த புகைபோக்கி

அந்தக் கோடை விடுமுறை முழுக்க நான் பட்டுப்பாவாடைக் கனவில் இருந்தேன். பூலாம்பாடியில் இருந்த பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், என் சித்திக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். பெண்ணின் போட்டோ ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும், ஆவணியில் கல்யாணம். பாவாடை நிச்சயம் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்.

சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் இல்லாததால் எங்களோடுதான் இருந்தாள். பெரம்பலூரில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருடம் சேர விண்ணப்பித்திருந்தாள். கவுன்சலிங்குக்குக் கூப்பிடும் கடிதம் எந்த நாளும் வரலாம். போட்டோ முந்தினால் கல்யாணம், கடிதம் முந்தினால் படிப்பு. பெரியப்பா பேச்சுக்கு அப்பா ஒருநாளும் மறுபேச்சு பேசியதில்லை. "அண்ணன் சொல்லிட்டாரு. படிப்ப அங்க போயும் படிச்சுக்கலாம்" என்றார். அங்கே போய்ப் படித்த ஒரே ஒரு பெண்ணைக் காட்டுங்கள் என்று கேட்கிற வாய் எனக்கு அப்போது முளைக்கவில்லை. இப்போது நன்றாகவே முளைத்திருக்கிறது.

ஸ்டுடியோவுக்குக் கிளம்பலாம் என்று அப்பா சொன்ன அன்றுதான் சித்தி பரணில் ஏறி என் தாத்தாவின் கேமராவை இறக்கினாள். கல்லாகிப்போன நத்தைகளைத் தேடி அரியலூர்ப் பக்கம் வந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஜீப் ஓட்டியவர் தாத்தா. அவர்கள் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது அது. தோல் உறையெல்லாம் பூசணம் பூத்திருந்தது.

"எங்கப்பா கேமராவுல எடுத்த போட்டோதான் மாமா போகணும். அவரே இருந்து நடத்தி வைக்கிற மாதிரி இருக்கும்ல" என்றாள் சித்தி. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குமேல் அப்பா என்ன சொல்வார், பாவம்.

முதல் தொல்லை, அது என்ன கேமரா என்றே தெரியவில்லை. பெயர் இருந்த தகடு எப்போதோ விழுந்திருந்தது. லென்ஸைச் சுற்றிப் பொடியாகப் பொறித்திருந்த எழுத்தையும் எண்ணையும் சித்தி உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். அரைநாள் உட்கார்ந்து, படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிட்டாள். ஜப்பான்காரன் செய்தது, சித்தி பிறப்பதற்கு முந்தியது. இந்த வகையில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லையாம். மேலே தனியாக ஒரு ஜன்னல், அதில்தான் கண்ணை வைக்க வேண்டும். பார்க்கிற பொருள் நடுவில் ரெண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகி ரெண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினால் படம் தெளிவாக விழும்.

அப்புறம் பாருங்கள் அவள் பிடிவாதத்தை. பின்மூடியில் தாராக உருகி ஒட்டியிருந்த பஞ்சைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்து, கறுப்பு ரவிக்கைத்துணியை நறுக்கி ஒட்டினாள். எண்ணெய் கட்டித் திறக்காமல் கிடந்த ஷட்டர் தகடுகளை ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். லென்ஸுக்குள் சிலந்திக்கூடு போலப் படர்ந்திருந்த பூசணத்தைக் கண்ணாடி கண்ணாடியாகக் கழற்றி எடுத்தாள். திருகாணிகளை இட்லித் தட்டுக் குழிகளில் வரிசையாகப் போட்டு வைத்ததில் எங்களுக்கு இட்லியே இல்லாமல் போனது. அம்மா திட்டினாள். சித்தி காதிலேயே வாங்கவில்லை.

கடைசியில் மிச்சம் இருந்தது அந்த ரெண்டாகத் தெரிகிற விஷயம்தான். வளையத்தைத் தூரக் கோடியில் வைத்தால் தூரத்துப் பொருள் ஒன்றாகத் தெரிய வேண்டும். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி தெரியும். அப்பா ஃபிட்டராக வேலை பார்த்ததும் அங்கேதான். சித்தி தினமும் சாயங்காலம் மேலே போய், கேமராவின் தலையில் இருந்த குட்டித் திருகை நெம்பிக்கொண்டு புகைபோக்கியைப் பார்ப்பாள். அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்பார்.

"ஒண்ணாயிடுச்சா?"

"இன்னும் ரெண்டாத்தான் தெரியுது மாமா."

ஒருநாள் நான் பிடுங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு புகைபோக்கி, அவ்வளவு அழகாக நின்றது. ஒன்றுதான் தெரிகிறது என்று குதித்தேன். சித்தி கேமராவை வாங்கி என்னவோ செய்துவிட்டு, நன்றாகப் பார் என்று திருப்பிக் கொடுத்தாள். ரெண்டு தெரிந்தது. எனக்குத்தான் கண் சரியில்லை போலிருக்கிறது என்று இரண்டு நாள் காரட்டாகத் தின்றேன்.

பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து இறங்கினார். அன்று காலை, சித்தி குளிக்கப் போயிருந்தபோது, அப்பா தாமே மாடிக்குப் போய் ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றாகத்தான் தெரிகிறது, எடுத்துவிடலாம் என்றார். சித்தியின் முகம் செத்துப்போனது.

அரக்குப் புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, மாடிச் சுவர் ஓரம் நின்றாள். ஃபிலிம் மாட்டி அப்பா கையில் கேமராவைக் கொடுத்தது அவள்தான். பெரியப்பா ஜன்னலில் ஒருதரம் பார்த்து, "நல்லா தெளிவா தெரியுதுடா" என்று ஒப்புதல் கொடுத்துவிட்டு அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று தலையை நிமிர்த்து, தோளை இறக்கு என்று நாட்டாமை பண்ணிக்கொண்டிருந்தார். அப்பா வளையத்தைத் திருகித் திருகி எடுத்தார். நானும் ஒன்றில் நிற்பேன் என்று அழிச்சாட்டியம் பண்ணிச் சித்தி பக்கத்தில் போய் நின்றேன்.

அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மூடி. "சித்தி, மூடி" என்றேன் மெதுவாக.

சித்தி சிரித்த வாய் அப்படியே இருக்க, "அது வெயில் படாம இருக்கத்தான். நேரா பாருடி" என்றாள்.

கேமராவை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றியவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? நேராகப் பார்த்தேன்.

அரியலூர் ஸ்டுடியோவிலிருந்து ஃபிலிம் வெறும் பட்டையாகத் திரும்பி வந்தது. ஒன்றும் விழவில்லையாம். சித்தி அழுத அழுகையில் அம்மாவும் சேர்ந்து அழுதாள். பழைய டப்பாவை நம்பினால் இப்படித்தான் என்று பெரியப்பா போனில் கத்தினார். மறுபடி எடுக்கலாம், ஃபிலிம் வாங்கலாம் என்று அப்பா இழுத்துக்கொண்டிருந்ததில் கடிதம் முந்திவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். "வந்த கடுதாசிய ஏண்ணே விடணும்" என்று அப்பா பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, சித்தியின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். எனக்குப் பாவாடை போச்சு.

சித்தி இன்று பெரிய வேலையில் இருக்கிறாள். வீட்டு விசேஷம் எதுவானாலும் இந்தக் கதையை எடுத்துவிடுவாள்.

"எல்லாம் எடுத்து முடிச்சதும் பெரிய மாமா, 'குடு, டப்பாவ நானும் பாக்குறேன்'னு கைய நீட்டிட்டாரு. எனக்கு உசுரே இல்ல. கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். தொறந்து பாத்தா அவரு கையில கேமரா, மூடியக் காணோம். எங்கியோ விழுந்திருக்கு. எங்கப்பாதான் மேலேர்ந்து தட்டி விட்டுருக்காரு."

"என்னையவே ஏமாத்திட்டா பாரு" என்று அப்பா இருமல் வரும்வரை சிரிப்பார். சித்திக்கு அதில் தனிப் பெருமை. நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

அன்று நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பெரியப்பா கையை நீட்டியதும் அப்பா அரை அடி விலகித் திரும்பினார். கேமராவைக் குனிந்துகூடப் பார்க்காமல் கட்டைவிரலால் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அப்புறம்தான் அண்ணன் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து மேகம் வந்திருந்தது. வெயில்தான் போய்விட்டதே, இனி மூடி எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.