சின்ன காருக்குப் பூசிய மீன் எண்ணெய்

கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டு இரும்பு எதுவும் நாலு மழை தாங்கியதில்லை. கதவுக் கீல், பீரோவின் கால், ஃபிரிட்ஜின் அடித்தகடு எல்லாமே உப்புக்காற்றில் பொரிந்து, தொட்டால் கையோடு வரும். அதனால் என் வீட்டுக்காரர் கார் வாங்கப் போகிறேன் என்றதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இதையும் உப்பு தின்றுவிடுமே என்றுதான் தோன்றியது.

கடலை ஒட்டிய எங்கள் ஊர் ஏரியில் முறை வைத்து வலை போடுகிற நாளைப் பாடு என்போம். பாடு வந்தாலும் வலையில் ஒன்றுமில்லை என்று ஆன பிறகு அவர் படகை விற்றார். ஒரு சின்ன கார் வாங்கிச் சென்னையில் வாடகைக்கு ஓட்டலாம் என்பது அவர் எண்ணம். கார் ஓடாவிட்டால் திரும்பிப் போகப் படகு கிடையாது.

பழைய கார் விற்கும் இடத்தில் இரண்டு வண்டிகளைக் காட்டினார்கள். இரண்டுமே சந்துக்குள் நுழைகிற குட்டி வண்டிகள். ஒன்று பெட்ரோல், இன்னொன்று கரண்டில் ஓடுவது. அவருக்குக் கரண்டு வண்டிதான் பிடித்தது.

“சிட்டிக்குள்ள சுத்தறதுக்கு இதான் லாயக்கு. சத்தமே இல்ல பாரேன், தண்ணில வஞ்சிரம் போற மாதிரி போவுது” என்றார்.

“நடுரோட்டுல சார்ஜ் பூட்ச்சுன்னா இன்னா பண்ணுவ? மழை வந்தா நம்மூர்ல நாலு நாளு கரண்டு இருக்காது. பாய் கட்டி ஓட்டுவியா?” என்றேன்.

கடலுக்குப் போகிறவன் டேங்க் நிறைந்திருந்தாலும் ஒரு கேன் எண்ணெய் கூட எடுத்துக்கொண்டுதான் போவான். கேனில் எடுத்துப் போக முடியாததை எதை நம்பி வாங்குவது? விற்பவர் பொறுமையாகத்தான் விளக்கினார். நான் ஏழாவதோடு நின்றவள். அவர் சொன்னது பாதி புரியவில்லை, புரியவில்லை என்று சொல்லவும் கூச்சம். பிடிவாதம் பிடித்துப் பெட்ரோல் வண்டியையே வாங்க வைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். வண்டி வாசலுக்கு வந்ததிலிருந்து தினமும் குனிந்து அடியைப் பார்த்தேன். ஒரு போல்ட்டில் செம்மண் நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மரப்படகுக்கும் நங்கூரத்துக்கும் மீன் எண்ணெய் பூசுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். எண்ணெய் குடித்த இரும்பை உப்பு தொடாது. படகு ஏற்றுகிற கட்டைகளின் மேல் காரை ஏற்றி நிறுத்தச் சொல்லி, பழைய துணியோடு அடியில் நுழைந்தேன். ஒரு இடம் விடாமல் பூசினேன்.

“இன்னாமே, கல்யாணப் பொண்ணுக்கு நலங்கு வெக்கறியா?” என்று அவர் சிரித்தார். தடுக்கவில்லை. அவருக்கும் அது சரியான வேலையாகத்தான் பட்டது.

முதல் வாரமே, வண்டியில் ஏறிய ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அண்ணா, மீன் ஏத்திட்டு வந்தீங்களா?” என்று கேட்டாளாம். இல்லை என்றிருக்கிறார். அடுத்த சிக்னலிலேயே இறங்கிக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வெயிலில், நெரிசலில் வண்டி ஊர்ந்து நிற்கும்போது கவிச்சி ஏசி வழியாக உள்ளே வருகிறதாம். வீட்டுக்கு வந்து நாங்கள் இருவரும் கதவுகளைத் திறந்து முகர்ந்து பார்த்தோம். பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னோம். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சென்னையில் ஒரு மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியைப் பார்த்தார். நானும் கூட இருந்தேன்.

“போட்டுக்குப் பூசறத காருக்குப் பூசிக்கீறீங்களே! பேட்டரி வண்டியா இருந்தா சைலன்சரே கிடையாது, இவ்ளோ காயாது. இதுக்கு அடில அடுப்பு எரியுதும்மா. தினம் மீன் வறுத்துக்கினு போறீங்க” என்றார்.

மூன்று தடவை கழுவினார். வண்டிக்குள் தரைவிரிப்புக்கு அடியில் இருக்கிற பஞ்சில் எண்ணெய் ஊறிவிட்டது, அதற்கு மேல் தன்னால் ஆகாது என்று கையை விரித்தார். சவாரி வருகிற போன் ஆப்பில் பயணிகள் போடுகிற ஸ்டார் இறங்கிக்கொண்டே வந்து, ஒரு நாள் சவாரி வருவதே நின்றுபோனது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கடைசியில் விற்றுவிடலாம் என்றார். ஆரம்பாக்கம் பக்கத்தில் நெல் பயிரிடுகிற ஒருவர் பார்க்க வந்தார். எங்கள் தெருவில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. இங்க எல்லாமே மீன் வாடை. வண்டிலேர்ந்து வருதா, ஊர்லேர்ந்து வருதான்னு எனக்குப் புரிபடல. எங்க களத்துக்கு எடுத்தாந்து காட்டுங்க.”

எடுத்துப் போனோம். அறுவடை முடிந்து களமெல்லாம் வைக்கோல் கிடந்தது. கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்திவிட்டு, அவர் வீட்டில் கொடுத்த மோரைக் குடித்தோம். பிறகு அவர் வந்து கதவைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த நாற்றம் அடித்தது. என் வீட்டுக்காரர் ஒன்றும் தெரியாமல் சிரித்த முகமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வைக்கோலுக்கு நடுவில் நின்றபோது, காரில் மட்டும்தான் வருகிறதா, என் புடவையிலும் வருகிறதா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

அவர் கதவை மெதுவாகச் சாத்தினார். “வேணாம் தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க.”

திரும்பும் வழியில், “லைட்ஹவுஸ் குப்பத்துல ஒரு போட்டுக்கு ஆளு வேணுமாம். போய்க் கேக்கறேன்” என்றார் அவர். இத்தனை வருஷம் சொந்தப் படகில் போனவர்.

ஒரு பஸ் ஸ்டாப்பில் கைக்குழந்தையோடு நின்ற பெண் வண்டியைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவருடைய கால் பிரேக்குக்குப் போனது. வண்டி கொஞ்சம் தயங்கியது. பிறகு அவளைத் தாண்டிப் போய்விட்டோம்.